மாமாவின் பெயரில் சித்தி ஆடியது

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கே தெரிந்த கேமர் என் மாமாதான். அதற்குரிய எல்லாம் அவரிடம் இருந்தது. கால் நீட்டிச் சாயும் நாற்காலி, நிறம் மாறிமாறி எரியும் கீபோர்டு, காதை மூடும் ஹெட்செட். இல்லாதது ஒன்றுதான். அவருக்கு ஆட வராது.

ஆடியது சித்தி. மாமாவின் தங்கை. மாமா வில்லிங்டன் தீவுக்கு வேலைக்குப் போனதும், துணியை ஊறப்போட்டுவிட்டு அவர் அறைக்குள் நுழைவாள். நாற்காலியை ஓரமாகத் தள்ளி, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மாமாவின் கணக்கிலேயே ஆடுவாள். தோற்ற ஆட்டத்தை மறுபடி போட்டு, எங்கே தப்பு என்று தேடுவாள். பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தன் பெயர் ஆட்டத்தின் தரவரிசையில் மேலேறுவதை மாமா கவனிக்காமல் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றவும் இல்லை. நண்பர்கள் வீட்டுக்கு வந்து புகழ்ந்தால் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

சமையலறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "எல்லாம் நீதானே ஆடுனே? போய்ச் சொல்லேன், சித்தி."

"சாயா ஆறுது. கொண்டுபோய்க் குடு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எறணாகுளத்தில், பிராட்வேக்குப் பக்கத்து கேமிங் சென்டர் ஒன்றில் போட்டி. துணி எடுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லி, மாமா எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். முதல் ஆட்டத்தில் அவர் அணி மோசமாகத் தோற்றது. உடனே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுளுக்கு என்று முனகினார். "நீ கொஞ்சம் உக்காரேன்" என்று சித்தியைப் பார்த்தார், ஏதோ அப்போதுதான் தோன்றியதைப்போல.

சித்தி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். மீதி இரண்டு ஆட்டத்தையும் அவர்கள் அணி ஜெயித்தது. கூட இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் மாமாவைக் கட்டிப்பிடித்தார்கள்.

"பெங்ஙளை நல்லாப் படிப்பிச்சு, அளியா" என்றான் ஒருவன். தங்கையை நன்றாகப் பழக்கியிருக்கிறாராம்.

"ஏதோ, லீவு நாள்ல சொல்லிக் குடுத்தேன்" என்றார் மாமா.

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "மாமாவுக்கு ஆடவே தெரியாது. அவர் பேர்ல தினமும் ஆடுறது சித்திதான்" என்று கத்தினேன்.

மாமாவின் முகம் கறுத்தது. சித்தி என் கையை அழுத்திப் பிடித்தாள். "பொய் சொல்லாதே. அண்ணன்தான் எனக்குக் கத்துக் குடுத்தது." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரித்தார்.

திரும்பும் படகில் அவள் வாங்கித் தந்த பஃப்ஸை நான் தொடவில்லை. இவ்வளவு கோழையா இவள் என்று நினைத்தேன். ஜெயித்தவள் நான்தான் என்று சொல்ல அந்த அறையில் அவளைத் தடுத்தது யார்?

மறுநாள் மாமா வேலைக்குக் கிளம்பினார். சித்தி கூடத்தைப் பெருக்கியபடியே அவர் அறைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார். அறைக் கதவைப் பூட்டவில்லை. துடைப்பத்தை அப்படியே சாத்தி வைத்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

அவளுக்கு ஆடவேண்டும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன. அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது. கோபம்தான் இன்னும் தணியவில்லை.