வால் முளைத்த கார்களைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் டயர் தேயும், கிளட்ச் தேயும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் பொறுமையும் தேயும். ஜமுனாமரத்தூரில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருப்பது ஒரே கார். அதில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதன் என்று பெயர் வாங்கியிருப்பேன். வேலூர் பழைய புத்தகக் கடையில் அமெரிக்கக் கார்களின் சரித்திரத்தைச் சொல்லும் தடியான படப் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. படம் பார்த்தது பாதி, போனில் வீடியோ பார்த்தது மீதி என்று நான் பண்டிதனாகிவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. எனக்கல்ல, என்னிடம் படிக்க வந்தவர்களுக்கு. யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்கும் இந்த வியாதி இருக்கலாம்.

கொம்புக்குப் பெயிண்ட்

முதல் நாள் வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். பின்பக்கம் விமானம் மாதிரி வால் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய அமெரிக்கக் காரின் படத்தைச் சுவரில் மாட்டி, "இது பறக்குமா? பறக்காது. அப்புறம் எதுக்கு வால்? வருஷா வருஷம் உருவத்த மாத்துனாத்தான் போன வருஷக் காரு வெச்சிருக்கறவன் வெக்கப்பட்டு புதுசு வாங்குவான். உள்ள இன்ஜின் அதேதான்!" என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன்.

சாமை பயிரிடும் கோவிந்தன் மெதுவாகக் கையைத் தூக்கினார். "சந்தையில கெழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி பெயிண்டு அடிச்சி ஓட்டியாருவாங்களே, அதானுங்க சார்? அது எங்களுக்குத் தெரியும். கிளட்ச்சு இன்னான்னு எப்ப சொல்லித் தருவீங்க?"

ரோடு தெரிகிறது

படவேட்டுக் கரும்பு விவசாயி ஒருவர் என் மார்பு உயரத்துக்குப் பானட் வைத்த பெரிய வண்டி வாங்கியிருந்தார். மலை ரோட்டில் ஓட்டிப் பழக வந்தார். சும்மா இருப்பேனா? அமெரிக்காவில் வண்டிகள் ஊதிப் பெருத்துக்கொண்டே போன கதையையும், மூக்கு உயர உயர முன்னால் நிற்கும் குழந்தை டிரைவர் கண்ணுக்கு மறைந்துபோவதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நிரூபித்தே தீருவது என்று இறங்கிப் போய், வண்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, "இன்னா தெரியுது?" என்று கத்தினேன்.

பதிலுக்கு வண்டி உறுமியது. கியர் விழும் சத்தம் கேட்டது. நான் ஓரமாக உருண்டு முள்ளுப் புதரில் விழுந்தேன். வண்டி நான் குந்தியிருந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ரோடு சுத்தமா தெரியுதுங்க சார். நீங்க அங்க முள்ளுல இன்னா பண்றீங்க?"

கோணி

காஞ்சனா மலைக் கிராமத்து மகளிர் குழுவைச் சேர்ந்தவர். குழு ஒரு குட்டியானை வாங்கியிருந்தது. குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி. நிஜ யானை என்றால்கூட எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். புளி உலுக்கும் பருவத்துக்குள் லைசென்ஸ் வாங்கினால் டிரைவர் வேலை காஞ்சனாவுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். காஞ்சனா பிள்ளைகளை விட்டுவிட்டுக் குடகுக்குக் காப்பித் தோட்டக் கூலியாகப் போக வேண்டியதுதான்.

அவர் குள்ளம். கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. "தப்பு உங்க மேல இல்லம்மா" என்று தொடங்கினேன். அமெரிக்காவில் காரை மோதவிட்டுச் சோதிக்க ரொம்ப காலம் ஆம்பளை அளவு பொம்மையைத்தான் உட்கார வைத்தார்கள், பெண்ணின் உடம்பை யாரும் நினைக்கவே இல்லை என்று சூடாக விளக்கினேன். காஞ்சனா இறங்கிப் பின் சீட்டில் கிடந்த கோணியை எட்டிப் பார்த்தார். "அமெரிக்காக்காரன் வந்து சீட்ட மாத்துற வரைக்கும் நா எங்க சார் ஒக்கார்றது? அந்தக் கோணிய மடிச்சி முதுகுக்குக் குடுங்க."

பெல்ட் எதற்கு?

தேர்வு நாள். மலையை விட்டு இறங்கி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். கோணியை முதுகுக்குக் கொடுத்துக் காஞ்சனா கம்பீரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஏறி, "பெல்ட்டு எதுக்கும்மா இருக்குது?" என்றார்.

மாட்டச் சொல்கிறார் என்று குழந்தைக்குக்கூடப் புரியும். காஞ்சனா அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் கார் கம்பெனிகள் பளபளப்பைக் காட்டி விற்றதையும், பெல்ட் வைத்தால் வாங்குபவன் பயந்துவிடுவான் என்று தட்டிக் கழித்ததையும், சட்டம் வந்த பிறகுதான் வழிக்கு வந்ததையும் நான் வகுப்பில் சொன்ன அதே குரலில் மளமளவென்று சொன்னார். ஜன்னலோரம் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "அமெரிக்காக்காரன் போட்டானா இல்லையான்றது இருக்கட்டும்மா. நீ போட்டியா?"

ஏழு நாள்

தேர்வில் தோற்றுத் திரும்பி மலை ஏறும்போது காஞ்சனா வழியோரப் புளிய மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. என் வாய்க்கொழுப்புக்கு அவர் குடகுக்குப் பஸ் ஏற வேண்டுமா? மறுதேர்வு ஒரு வாரத்தில். அதற்குப் பிறகு தவணை கிடையாது, புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஏழு நாளும் கிளட்ச், பிரேக், பெல்ட் என்ற மூன்று சொல்லைத் தவிர வேறு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். எதிரே பெரிய மூக்கு வண்டிகள் வந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுதேர்வில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பெல்ட்டை மாட்டினார். இரண்டு மாதமாக அவருக்குக் கைவராமல் இருந்தது மேட்டில் நிறுத்தி எடுப்பது. அன்றைக்கு வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. பாஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பாராட்டுக்கும் ஆசைப்பட்டு, "ரெண்டு மாசமா வராதது இப்ப மட்டும் எப்டிம்மா வந்துச்சி?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு வாரந்தான் சார் நீங்க பேசல. அப்பத்தான் எனக்கு இன்ஜின் சத்தமே காதுல வுழுந்துச்சி."

காரில் அமெரிக்காக்காரன் தேவையில்லாமல் எதையெல்லாம் ஒட்டினான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, தன் காரில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது எது என்று ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது.