ஏழாம் கழி

சிறு படகில் எனக்கெதிரே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணி, தேய்ந்துபோன குளியல் சோப்பை ஆழம் பார்க்கும் அளவுகழியின் அடிமுனையில் அழுத்தி அப்புகிறார். கழியைத் தண்ணீருக்குள் விட்டுத் தரையில் ஒரு குத்து. மேலே தூக்கினால், சோப்பில் ஒட்டியிருப்பது சேறா மணலா என்று தெரிந்துவிடும். "எங்க வீட்ல குளிக்க சோப்பே இருக்காது சார். எல்லாத்தையும் கடலுக்குத்தான் தேய்ச்சு விடுறேன்" என்று சிரிக்கிறார்.

இந்தக் கடல் கால்வாயில் படகு போகும் ஆழமான வழியைக் கழி நட்டுக் காட்டுவது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது. படகுத்துறையில் எல்லோருக்கும் 'கழியக்கா'. சிவப்புத் துணி கட்டிய பன்னிரண்டு மூங்கில் கழிகள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பிடுங்கி, ஆழம் பார்த்து, மாற்றி நடுவார்.

ஏன் மாற்ற வேண்டும்? கால்வாய்க்கு இரண்டு வாய். ஆதியில் ஒன்றுதான், நீர் வற்றும்போது ஆடு மாடுகள் நடந்தே கடந்த ஓடையாம். உப்புப் படகுகளுக்காக ஆழமாக வெட்டினார்கள். பிறகு ஒரு புயல் மறுகோடியையும் உடைத்துக் கடலோடு சேர்த்துவிட்டது. இன்று உப்புப் படகு இல்லை. மீன் கூண்டுகளும், எதிர்க்கரையிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் ஆளேற்றும் படகும்தான். கடல் ஏறும்போது இரண்டு வாய் வழியாகவும் தண்ணீர் வந்து நடுவில் முட்டி நிற்கிறது. சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. "ரெண்டு சம்பந்தியும் வாசல்ல எதிரெதிரா வந்த மாதிரி. யாரு வழி விடுவா? மூட்டையை இறக்கி வெச்சிட்டு நிப்பாங்க." அந்த இடத்தில்தான் ஏழாம் கழி.

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு நாள், ஏழாம் கழிக்கு மட்டும் ஆழம் பார்க்காமல் பழைய இடத்திலேயே நட்டுவிட்டு வந்தார். தெரிந்த இடம்தானே என்ற தெனாவட்டு. மறுநாள் ஆளேற்றிய படகு மணலில் ஏறி ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டது. ஓட்டியவர் அவருடைய கணவர். விசாரணையில் அவர், "கழியை நான்தான் கவனிக்கலை" என்று பழியை ஏற்றுக்கொண்டார். கையிலிருந்த சுக்கான் போய்த் தோளில் டிக்கெட் பை வந்தது. கழியக்கா வாயே திறக்கவில்லை.

"ரெண்டு பேர் வேலையும் போயிடுமேன்னு பயம் சார். இன்னைக்கு வரைக்கும் அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டினதில்லை. நல்லா நாலு திட்டு திட்டியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்."

இன்று அதே படகை அவர்கள் மகள் முதல்முறையாக ஓட்டுகிறாள். கழிகளை நேற்றுதான் மாற்றி நட்டாயிற்று. பிறகு எதற்குக் காலங்காத்தாலே இந்தச் சிறு படகை எடுத்தீர்கள் என்றால், "சும்மா, காத்து வாங்க" என்கிறார். நம்பிவிட்டேன்!

ஏழாம் கழியருகே ஒரு குத்து. நேற்று கறுப்புச் சேறு ஒட்டிய சோப்பில் இன்று சிப்பித்தூளும் மணலும். இரவு அடித்த காற்றில் மணல்மேடு வழிக்குள் நகர்ந்து வந்திருக்கிறது. பத்தடி தள்ளிப் போன பிறகுதான் ஆழமான வழியின் சேறு அகப்படுகிறது. "பாவி, மறுபடியும் நீதானா!" என்று திட்டிக்கொண்டே ஏழாம் கழியைப் பிடுங்குகிறார். அதைத் திரும்ப அடித்து இறுக்க அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் வளைவில் படகின் சத்தம் கேட்டுவிட்டது.

"சார், துடுப்பைப் புடிங்க!"

கழியோடு குதித்துவிட்டார். மேட்டின் விளிம்பில், நெஞ்சளவுத் தண்ணீரில், கழியை நட்டுக்குத்தலாகப் பிடித்தபடி நிற்கிறார். படகு நெருங்குகிறது. சுக்கானில் மகள், பக்கத்தில் டிக்கெட் பையோடு அப்பா, நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம்.

"ஏங்க! அன்னைக்கு நான் ஆழமே பாக்கலைங்க! தப்பு என்னுதுதான்! எல்லாரும் கேட்டுக்குங்க!"

கணவர் மனைவியை ஒரு கணம் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பிக் கைநீட்டிக் காட்டினார்.

"அம்மா புடிச்சிருக்கா பாரு. அதை ஒட்டியே போ."

கழியக்கா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கழியை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தார்.