பல்பொடி போட்டுத் துலக்கிய வியாகுல மாதா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டேன். எழுதினால் என் மனைவியின் ஒரே அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். அவரைப் பற்றி எனக்கு நல்லதாக எழுத வராது. போன மாதம் அவளே, "எழுதிடுங்க, ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க" என்று சொன்னதால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அரியாங்குப்பத்தில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் பிரான்சில் இருக்கிறார். எங்கள் மகள் மாதா கோயிலில் புது நன்மை, அதாவது முதல் முதலாக நற்கருணை அப்பம், வாங்கும்போது தாய்மாமனாக வந்து நிற்க வேண்டும் என்று மனைவி போனில் கெஞ்சிக் கெஞ்சி வரவழைத்தாள். அப்பா அம்மா இல்லாதவள், பிறந்த வீடு என்றால் அவளுக்கு அண்ணன்தான். பிள்ளையைக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகப்போவது அவர்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

வந்தவர் பிள்ளைக்கு ஒரு ஜெபமாலைகூட வாங்கி வரவில்லை. தான் வாங்கிய வெள்ளிக் காசைக் காட்டத்தான் விமானம் ஏறினார் போல. கடையில் கொடுத்து வாங்குகிற காசு இல்லை, சேர்த்து வைத்துப் பெருமை அடிக்கிறவர்களுக்காகவே அடிக்கிற காசு. உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் வியாகுல மாதா, மகனைப் பறிகொடுத்து நெஞ்சில் வாள் பாய்ந்து நிற்கிற மாதா. பாதி முகம் மண்டை ஓடு. நெஞ்சில் வாளுக்குப் பதிலாக ஊசிகள். மேலே எல்லாம் அடுப்புக்கரி பூசினது போல் கறுப்பு.

"இன்னா மச்சான், மாதாவ இப்டிப் பண்ணி வச்சிருக்கானுங்க?" என்றேன்.

"உனக்குப் புரியாது மாப்ள. ஒரே படத்த எத்தினி நாளு பாக்கறது? இது துக்கத்தோட உள்முகம்."

மகனை மடியில் பிணமாக வாங்கிய தாயின் துக்கம் தெரிய, இந்த மகா அறிவாளிகளுக்கு மண்டை ஓடு வேண்டியிருக்கிறது. எங்கள் கோயில் மாதா சுரூபத்தின் பாதம், ஜனங்கள் உதடு வைத்து முத்தி செய்து செய்தே சாயம் போய்விட்டது. துக்கம் பார்க்க வேண்டுமானால் அங்கே பார்க்கலாம். இவருடைய காசில் விரலே படக்கூடாதாம். மனைவி முத்தி செய்யக் குனிந்தபோது, "ஏய், எச்சி படும்" என்று பின்னால் இழுத்துக்கொண்டார். கிட்டப் போகவிடாத மாதாவை ஒரு மனுஷன் எதற்கு வாங்குவான்? விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று பெட்டியைத் திறந்து எங்கள் வீட்டுப் பீடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் புது நன்மை. திருநாள் என்றால் என் மனைவி பீடத்தில் இருக்கிற வெள்ளிச் சிலுவை, மெழுகுவர்த்தித் தண்டு எல்லாவற்றையும் இறக்கி, பல்பொடி போட்டுத் துலக்குவாள். அன்றைக்கும் துலக்கினாள். கறுத்துக் கிடந்த அண்ணனுடைய மாதாவையும் சேர்த்துத் துலக்கினாள்.

மச்சான் எழுந்து வந்து பார்த்தார். கறுப்பு போயிருந்தது. கண் பள்ளமும் பல் வரிசையும் வெறும் கறுப்புப் பூச்சில்தான் இருந்தன போலிருக்கிறது, அதோடு மண்டை ஓடும் போய்விட்டது. கொஞ்சம் மழுங்கலாக, ஒரு முழு முகம் பளபளவென்று இருந்தது.

"நாசம் பண்ணிட்டியேடி. இது இப்ப வெறும் வெள்ளி."

"வெரல் படாம துணிய வச்சித்தாண்ணா தேய்ச்சேன். வெள்ளிய இப்டிக் கறுக்க வுட்டுட்டியேன்னு..."

"அந்தக் கறுப்புக்குத்தான்டி மதிப்பே."

வெள்ளைக் கவுனும் முக்காடுமாக மகள் வாசலில் நின்றாள். "மாமா, மணி அடிச்சிட்டாங்க" என்றாள்.

"நான் வரல" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

"கோயிலுக்கு மட்டும் வந்துடுண்ணா. வந்த அப்புறம் எவ்ளோ வேணா திட்டு" என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஏதோ ஓட்டலுக்குப் போய்விட்டார். மண்டை ஓடு போனதற்குத் துக்கம் கொண்டாடுகிற கத்தோலிக்கரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிள்ளையை நான் அழைத்துப் போனேன். பூசை முழுக்க மனைவி கோயில் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசை மேசை மேலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் எடுத்துப் பீடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஊர் வாய் திறந்தது. பொறாமையில் திராவகம் ஊற்றிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பிள்ளை நன்மை வாங்கின நேரத்தில் மாதாவே முகம் வெளுத்துக் காட்டினாள் என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். மெழுகுவர்த்தியும் கையுமாக வந்தவர்களிடம் பல்பொடி டப்பாவை எடுத்துக் காட்டினேன். ஒருத்தி அதையும் தொட்டு முத்தி செய்துவிட்டுப் போனாள். மாதாவை நம்புகிறவன்தான் நானும். அதனால்தான் இந்தக் கூத்து எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் மச்சான் போன் செய்தார். அண்ணன் குரல் என்றதும் மனைவி பாத்திரம் கழுவின ஈரக்கையோடு ஓடி வந்தாள். மாதா புதுமை செய்தாள், அற்புதம் நடந்தது என்கிற கதை அங்கே வரைக்கும் போயிருக்கிறது. அப்படிப்பட்ட காசை நல்ல விலைக்கு வாங்க அங்கே ஆள் இருக்கிறதாம். தானாக நிறம் மாறியது என்று எங்கள் கோயில் பங்குச்சாமியிடம் எழுதி வாங்கி, காசோடு தபாலில் அனுப்ப வேண்டுமாம். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

மனைவி நிதானமாகச் சொன்னாள்: "நீயே வாண்ணா. வந்து ஒரு பூசை பாத்துட்டு, ஒரு வேள சாப்ட்டுட்டு எடுத்துகினு போ. யாரு கேட்டாலும் பல்பொடின்னுதான் சொல்லுவேன்."

"தபால்ல போடுன்னா போடேன்."

"தபால்ல போட மாட்டேண்ணா."

வைத்துவிட்டார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வருவாருல்ல?" என்று என்னைக் கேட்டாள். ஈரமான போனை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்து வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் புதுமை என்று ஏற்றவும் வேண்டாம், திராவகம் என்று திரிக்கவும் வேண்டாம். பல்பொடி, பழைய பனியன் துணி, அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்த ஒரு தங்கச்சி, இவ்வளவுதான். இருக்கிறபடியே சொன்னால் சுற்றிச் சுற்றி அவர் காதுக்கும் போகும். காசு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு திருநாளைக்கும் துலக்கித்தான் வைக்கிறாள்.