இருபதடி ரோடும் பதினொரு கேள்விகளும்

எட்டாவது வாடகை வீட்டில் சாமான்களை இறக்கிய அன்றே என் மனைவி சொல்லிவிட்டாள்: "ஒன்பதாவது நம்ம சொந்த வீடா இருக்கணும். இல்லேன்னா நீங்க மட்டும் குடி போங்க." தனியாகக் குடிபோக எனக்குச் சமையல் தெரியாது. ஆகவே தஞ்சாவூருக்கு வெளியே மனை தேடத் தொடங்கினோம்.

ஒரு தரகர் கிடைத்தார். தரகர் என்று நான்தான் சொல்கிறேன். அவருடைய விசிட்டிங் கார்டில் 'சீனியர் பிராப்பர்டி கன்சல்டண்ட்' என்று ஆங்கிலத்தில், முழுக்கக் கேப்பிடல் எழுத்தில் இருந்தது. அவர் பெயர் அதற்குக் கீழே, நல்ல கண்பார்வை உள்ளவர்களுக்காக. நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்திப் பிழைப்பவன். வாய் சும்மா இருக்குமா?

"வேலைப் பேருக்கு இவ்வளவு பெரிய எழுத்து வேண்டாங்க. சின்ன எழுத்தே போதும்" என்றேன்.

"சின்னதா போட்டா மனையும் சின்னதுன்னு நினைச்சிருவாங்க சார்."

இந்த விதி நான் படித்த எந்த இலக்கணத்திலும் இல்லை.

இப்படிப்பட்டவரிடம் ஏமாறக்கூடாது என்று, ஏஜெண்டுகளைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இணையத்தில் தேடி எடுத்தேன். பதினொன்று தேறின. சித்திரை வெயிலில் மனை பார்க்கப் போனபோது தாளை விரித்து வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தேன்.

"நீங்க வாங்குறவங்க பக்கமா, விக்கிறவங்க பக்கமா?"

"பத்திரம் முடியிற பக்கம் சார்."

"கமிஷன் யார் தருவாங்க?"

"மனசு இருக்குறவங்க யாரு வேணா தரலாம்."

"எத்தனை வருஷ அனுபவம்?"

"இதெல்லாம் வயலா இருந்ததுலேர்ந்து."

பதினொன்றுக்கும் டிக் அடித்தேன். மனையும் அருமை. கிழக்குப் பார்த்தது. எதிரே மேடு பள்ளமில்லாத இருபதடி ரோடு. அதன் மேலேதான் அவருடைய பைக்கும் எங்கள் ஸ்கூட்டரும் வந்து நின்றன. புதன்கிழமை அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

என் மனைவிக்குக் கூத்தாநல்லூர் பக்கம் ஒரு கிராமம். அடுத்தவர் வயலில் நாற்று நட்டே அவளை டீச்சராக்கியவர்கள் அவளைப் பெற்றவர்கள். நெல்லை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து. அவள் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தாள். குனிந்து ஒரு நத்தை ஓட்டை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கரையாக உயர்ந்திருந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு தரகரிடம் திரும்பினாள்.

"மேட்டூர் தொறந்தா இந்த ரோட்டுல தண்ணி எவ்வளவுங்க வரும்?"

அவர் இமைக்கவே இல்லை. "இடுப்பளவுதான் மேடம்."

நாங்கள் நின்றுகொண்டிருந்தது வாய்க்காலுக்குள்! கோடையில் காய்ந்து கிடப்பதால் ஊரே அதில் வண்டி ஓட்டுகிறது. ஆனி பிறந்தால் அதே வழியில் காவிரி வருவாள்.

"இதை ஏங்க முதல்லயே சொல்லல?" என்று பாய்ந்தேன்.

"நீங்க கேக்கலையே சார். பதினொண்ணும் என்னைப் பத்தித்தான கேட்டீங்க? மனையைப் பத்தி ஒண்ணுகூட இல்ல."

என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினேன்.

"இனிமே ஐப்பசியில காட்டுங்க" என்றாள் அவரிடம்.

"அடைமழையில யாரும் மனை பாக்க வர மாட்டாங்க மேடம்."

"நாங்க வருவோம்."

வந்தோம். முதல் மனையில் முழங்கால் வரை தண்ணீர். இரண்டாவது மனையில் தவளைகள் குடியேறிப் பால் காய்ச்சிவிட்டிருந்தன. மூன்றாவது மனையில், இரண்டு நாள் விடாமல் பெய்தும், செருப்பு மட்டும்தான் நனைந்தது. முன்னால் இருந்த ரோடும் ரோடாகவே இருந்தது. தரகர் தன் குடையை மேடத்துக்குப் பிடித்துக்கொண்டு தலை நனைய நின்றார். நிலத்தைப் பற்றி அவள் கேட்ட எதற்கும் அவர் ஒரு வார்த்தைகூட மறைக்கவில்லை.

"இதை முடிச்சிருங்க" என்றாள் அவள். குடைக்குள்ளிருந்தே வீட்டைக் கட்டத் தொடங்கிவிட்டாள். "இங்க அடுப்படி. அங்க ஜன்னல். ஏங்க, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"ஏன்?"

"அங்க பாத்ரூம் வருது."