அப்பாவக் கேட்டு வந்த போன்

அப்பா போன பொறவு அப்பாவக் கேட்டு போன் பண்ணது ஒரே ஒருத்திதான். அவ யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. வண்டிக் கம்பெனியில இருந்து பேசறேன்னு சொன்னா.

அப்பாக்க போன நான்தான் வெச்சிருக்கேன். அம்மைக்க கண்ணுல அது பட்டா அழுவா. அதனால எனக்க போன் ஒரு பாக்கெட்டுல, அப்பாக்க போன் இன்னொரு பாக்கெட்டுல. டைல்ஸ் வேலைக்குப் போகும்போ ரெண்டையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சுக்கிடுவேன், சிமெண்டுப் பாலு பட்டுரக்கூடாதுன்னு. ஒம்பதாங் கிளாஸோட நிறுத்திட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். எழுதிப் பழக்கமில்ல. வாயில வாறத அப்பிடியே எழுதுகேன்.

அன்னைக்கு வில்லுக்குறி பக்கம் ஒரு வீட்டுல பாத்ரூம் தரைக்கு ஒட்டிட்டு இருந்தேன். அப்பாக்க போன் அடிக்கு. அஞ்சு மாசமா அடிக்காத போன். கையத் துணியில தொடச்சுட்டு எடுத்தேன். ஒரு பொம்பளப் பிள்ள. அப்பாக்க பேர முழுசா சொல்லி, "சார்தானே பேசறது?"ன்னு கேட்டா.

"மகன் பேசுகேன்."

"சார் இருக்காங்களா?"

இருக்காங்களான்னு கேட்டா. அத எப்பிடிச் சொல்லுகதுன்னு எனக்குத் தெரியல. கேட்ட விதம் அப்பிடி. அப்பா உள்ள குளிச்சிட்டு இருக்காவ, இப்பம் துண்டக் கெட்டிட்டு வெளிய வந்துருவாவங்குத மாதிரி கேட்டா. என் வாயி தானாச் சொல்லிச்சு: "வெளிய போயிருக்காவ."

"பரவால்ல சார். உங்க வண்டிக்கு ஒரு சேஃப்டி ரீகால் பெண்டிங்ல இருக்கு. முன்னாடி இடது பக்க ஏர்பேக் மாத்தித் தரணும். செலவு எதுவும் கிடையாது. சார் வந்ததும் சொல்றீங்களா?"

"சொல்லுகேன்."

போன வெச்சிட்டு ஒட்டின டைல்ஸ்ல ரெண்டெண்ணம் ஏறி இறங்கிப் போச்சு. பேத்து எடுத்து மறுபடி ஒட்டினேன்.

அப்பா பதினோரு வருசம் கல்ஃபுல டிரைவர். ஒரு அரபிக்க வீட்டுல. அங்க ஓட்டினதெல்லாம் அடுத்தவன் வண்டி. ஊருக்கு வந்ததும் முதல் வேலையா இந்தக் காரப் புதுசா எடுத்தாவ. பொறவு பாட்டத்துக்கு, குத்தகைக்குத்தான், கொஞ்சம் நிலம் பிடிச்சு வாழ போட்டாவ. அந்த வாழத் தோட்டத்துலதான், காத்துல சாஞ்ச வாழைக்கு முட்டு குடுத்துட்டு நிக்கும்போ, மத்தியானம், அப்பிடியே உக்காந்துட்டாவ. பக்கத்துத் தோட்டக்காரரு பாக்கும்போ மூச்சு இல்ல.

பதினாறாம் நாளு அடியந்திரம் வரைக்கும் வீட்டுல ஆளு குறைஞ்சதே இல்ல. அன்னைக்குச் சாப்பிட்ட எல எடுத்ததோட எல்லாரும் போயாச்சு. அதுக்குப் பொறவு எனக்க முன்ன ஆரும் அப்பாவப் பத்தி வாயத் தொறக்க மாட்டாவ. நான் டீக்கடையில ஏறினா பேச்சு மாறிரும். அம்மையும் நானும் சோறு திங்கும்போ மழையப் பத்திப் பேசுவோம். மழ இல்லன்னா மழ இல்லாததப் பத்திப் பேசுவோம்.

அந்தப் பிள்ள பத்து நாளு கழிச்சு மறுபடி கூப்பிட்டா. "சார் வந்தாங்களா?"

"வந்தாவ. சொன்னேன். இப்பம் தோட்டத்துல நிக்காவ."

அதுக்கு அடுத்த தடவ, "ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காவ"ன்னு சொன்னேன். அதுக்கும் அடுத்து, "மயிலாடிக்குப் போயிருக்காவ, ஒரு பிள்ளையார் சிலை சொல்லியிருக்கு, அதப் பாக்க"ன்னு சொன்னேன். ஏன் பிள்ளையார்னு கேட்டா எனக்கே தெரியாது. அவ சிரிச்சா. "சார் ரொம்ப பிஸி போல"ன்னா. அன்னைக்குப் பூரா எனக்கு அது காதுலயே கெடந்துச்சு. சார் ரொம்ப பிஸி போல.

எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன் பூதப்பாண்டியில டூவீலர் வொர்க்‌ஷாப் வெச்சிருக்கான். அவன்ட்ட போன் வருகது மட்டும் சொன்னேன். நான் என்ன பதில் சொல்லுகேன்னு சொல்லல.

"லேய், அது ஃபிராடு. ஓடிபி கேட்டாளா?"

"கேக்கல."

"கேப்பா. அஞ்சாவது போன்ல கேப்பா. அந்தச் சவத்த பிளாக் பண்ணிப் போடுலே."

சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டான். எங்க ஊருல எதுக்கெடுத்தாலும் சவம்னுதான் சொல்லுவோம். அப்பா போனதுக்கு அப்புறம் எனக்க முன்ன எவனும் அந்த வார்த்தையச் சொல்லுகதில்ல. அவன் மறந்து சொன்னது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

"உள்ளதா பொய்யான்னு பாக்கணும்னா கம்பெனிக்க வெப்சைட்டுல சேசிஸ் நம்பரப் போட்டாத் தெரிஞ்சிரும்டே. ஆர்சிய எடு."

ஆர்சி கார்ட அப்பா எப்பவும் சட்டப் பாக்கெட்டுலதான் வெச்சிருப்பாவ. வேர்வையில எழுத்தெல்லாம் மங்கிப்போய், அந்த நம்பர்ல பாதி தெரியல. அப்பம் வண்டியிலயே பாக்கணும்னான். எனக்கு அது எங்க இருக்குன்னு தெரியும். முன்னாடி இடது சீட்டுக்கு அடியில, கார்ப்பெட்ட ஒரு மூடி மாதிரி வெட்டி வெச்சிருக்கும், அதத் தூக்கினா தகட்டுல அடிச்சிருக்கும்.

எப்பிடித் தெரியும்னா, ஆயுத பூசைக்கு எல்லாரும் பானெட்டுல சந்தனம் வெப்பாவ. அப்பா அங்கயும் வெச்சிட்டு, சீட்டப் பின்னால தள்ளிக் குனிஞ்சு இந்த நம்பர் மேலயும் ஒரு பூச்சு பூசுவாவ. "இதாம்ல வண்டிக்க நெத்தி. மத்ததெல்லாம் மூஞ்சி"ன்னு சொல்லுவாவ. கோயிலுக்குப் போகாத மனுசன். வண்டிக்கு மட்டும் பூசை.

கார்ப்பெட்டத் தூக்கினா வருசம் வருசமாப் பூசின சந்தனம் காஞ்சு ஓடு மாதிரி இருக்கு. ஒரு நம்பரும் தெரியல. மேல விரலு இழுத்த கோடு மட்டும் தெரியுது. மூணு விரலு. போன வருசம் இழுத்தது.

கூட்டுக்காரன் பெட்ரோல நனைச்சு ஒரு துணியக் குடுத்தான். நான் வாங்கல. தண்ணி கேட்டேன். துணிய நனைச்சு மெல்ல வெச்சு வெச்சு எடுத்தேன். ஒவ்வொரு நம்பரா வந்துச்சு. அவன் பின்னால நின்னுட்டு, "டே, என்னடே இது, பிள்ளைக்குக் கண்ணு தொடைக்க மாதிரி தொடைக்க? பொழுது போயிரும்"ன்னான். நான் திரும்பிப் பாக்கல. திரும்பினா அவன் மூஞ்சி மாறிரும்னு தெரியும். பதினேழு எழுத்தும் நம்பருமா வந்துச்சு. கையில பேனாவால எழுதிக்கிட்டேன். துணிய அலசல. அப்பிடியே சுருட்டி டிக்கியில போட்டேன்.

அவன் போன்ல ஒண்ணொண்ணா அடிச்சான். வட்டம் சுத்திச்சு. பொறவு செவப்பு எழுத்துல ஒரு வரி.

"உள்ளதுதாண்டே. ஓப்பன்னு காட்டுகு, இன்னும் மாத்தலன்னு அர்த்தம்." கொஞ்ச நேரம் கீழ தள்ளித் தள்ளிப் படிச்சான். "எங்கயாச்சும் முட்டி அந்தப் பை விரிஞ்சா, உள்ள இருக்க இரும்புக் குப்பி வெடிச்சுத் துண்டு துண்டா மூஞ்சியில அடிக்குமாம். இடது பக்கம் இருக்கவனுக்கு. நாளைக்கே கொண்டு போ மக்கா."

கொண்டு போறேன்னு சொன்னேன். கொண்டு போகல.

காரணத்த உள்ளபடிக்குச் சொல்லுகேன். கொண்டு போனா வேலை முடிஞ்சிரும். முடிஞ்சா அவ கூப்பிட மாட்டா. இந்த உலகத்துல அப்பா வீட்டுக்குத் திரும்பி வருவாவன்னு நெனச்சிட்டு இருக்கது அவ ஒருத்திதான். அவளும் விட்டுட்டா, பின்ன ஆரு இருக்கா? இடது சீட்டுல ஆரு உக்காரப் போறா? நான் வலது பக்கம். அம்மை அந்த வண்டியில ஏறுகதே இல்ல. காலி சீட்டுக்கு என்ன ஆபத்துன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அடுத்து வந்த போனுக்கு, "அப்பா வாரேன் வாரேன்னு சொல்லிட்டே இருக்காவ"ன்னேன். அவ, "இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், சார்ட்ட கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க"ன்னா. சொல்லுகேன்னேன்.

அந்த வாரம் அம்மை, அக்காவக் கூட்டிட்டு வரணும்னு சொன்னா. எனக்க அக்காவ குழித்துறையில கெட்டிக் குடுத்திருக்கு. அவளுக்கு ஏழாம் மாசம், முதல் பிள்ள. அப்பா போய் வருசம் திரும்பாததனால வளைகாப்பும் கிடையாது, கூட்டத்துக்கு ஆளும் கிடையாது. சும்மா போய் கூட்டிட்டு வாறது. மச்சான் சவுதியில. வேற வண்டி பிடிக்கலாம்னு அம்மைட்ட மெல்லச் சொல்லிப் பாத்தேன். "அப்பா வண்டி நிக்கும்போ எதுக்குலே வேற வண்டி"ன்னு ஒரே பேச்சு.

போனேன். அக்கா பையத் தூக்கிட்டு நேரா முன்னாடி கதவத் தொறந்தா.

"பின்னாடி இருக்கா."

"ஏன், முன்னாடி எவளையாச்சும் ஏத்தப் போறியா?"

"இல்ல, காலு நீட்டலாம்லா."

"பின்னாடி இருந்தா வாந்தி வரும்னு உனக்குத் தெரியாதா? போலே." ஏறி உக்காந்துட்டா. பெல்ட்ட வயித்துக்குக் கீழ இழுத்து மாட்டிக்கிட்டா. வயிறு டேஷ்போர்டுக்கு இம்புட்டு தூரத்துல நிக்கு. அப்பம் சொல்லியிருக்கலாம். சொன்னா, ஏன் இன்னும் சரி பண்ணலன்னு கேப்பா. என்ன சொல்லுகது?

மார்த்தாண்டம் தாண்டுக வரைக்கும் முப்பதுக்கு மேல நான் மிதிக்கல. முன்னால போற பஸ்ஸுக்கும் எனக்கும் இடையில நாலு ஆட்டோ வந்து கேறுகு.

"லே, சைக்கிள்காரன் ஓவர்டேக் எடுக்கான் பாரு. இப்பிடிப் போனா பிள்ள வழியிலயே பெறந்துரும்."

தக்கலைக்குக் கொஞ்சம் முன்ன அப்பாக்க போன் அடிச்சிச்சு. கியர் பக்கத்துல போட்டிருந்தேன். நான் கைய நீட்டுகதுக்கு முன்ன அக்கா எடுத்துட்டா. "இது இன்னும் வேலை செய்யுதா?"ன்னு ஒரு மாதிரிக் கேட்டுட்டு, ஸ்பீக்கர்ல போட்டா.

"வணக்கம் மேடம், சார் இருக்காங்களா?" அதே குரலு.

அக்கா ஒரு நிமிசம் கூட யோசிக்கல. "அப்பா தவறிட்டாவ. ஏழு மாசம் ஆச்சு. என்ன வேணும்?"

பொறவு அந்தப் பிள்ள மெல்லமாச் சொன்னா: "சாரி மேடம். போன வாரம் கூட... சார் வாரேன்னு சொன்னதா தம்பி சொன்னாங்க. அதுக்கு முன்னாடி மயிலாடிக்குப் போயிருக்காங்கன்னு... சாரி மேடம். ரொம்ப சாரி." ஏர்பேக் விசயத்தையும் சொன்னா, முன்னாடி இடது சீட்டுல ஆரையும் உக்கார வைக்காதீங்கன்னும் சொன்னா. அக்கா சரி சரின்னு கேட்டுட்டு வெச்சா.

நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். ஒரு டயர் கடைக்கு முன்ன.

அக்கா என்னையப் பாக்கல. கண்ணாடிக்கு வெளிய பாத்துட்டு இருந்தா. அடிப்பான்னு நெனச்சேன். கேட்டது வேற.

"அப்பாவ எங்கெல்லாம் அனுப்பின?"

"தோட்டத்துக்கு. ஒரு கல்யாணத்துக்கு. பின்ன மயிலாடிக்கு."

"மயிலாடியில என்ன?"

"பிள்ளையார் சிலை பாக்க."

"பிள்ளையாரா? நம்ம அப்பாவா?" வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சிட்டே இருந்தவ அப்பிடியே அழ ஆரம்பிச்சா. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு, "ஒரு தடவ எனக்க வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்லா லே"ன்னா.

எனக்கு அது தோணவே இல்ல. அவளும் குழித்துறையில தனியா இருந்து இதே மாதிரி கெடக்காங்குத நெனப்பு எனக்கு வரவே இல்ல.

மூக்கச் சிந்திட்டு, கதவத் தொறந்து இறங்கினா. "ரெண்டு மாசமா தெரிஞ்சு வெச்சுட்டு, என்னைய இதுல உக்கார வெச்சியே, பாவி"ன்னு சொல்லிட்டு பின்னாடி ஏறினா. வீடு வந்து சேருகதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. நான் ரெண்டு தடவயும் நிறுத்தித் தண்ணி குடுத்தேன்.

திங்கக்கிழம நாகர்கோயிலு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்ன இருந்தவரு ஓனர் வரலியான்னு கேட்டாரு.

"அப்பா இறந்துட்டாவ."

நானா ஒருத்தர்ட்ட அதச் சொன்னது அன்னைக்குத்தான். அவரு தல ஆட்டிட்டு, "அப்ப உங்க பேரு, நம்பர் சொல்லுங்க தம்பி"ன்னாரு. சொன்னேன். ரெண்டு மணி நேரம் பிளாஸ்டிக் சேர்ல இருந்தேன். சாவியத் தரும்போ கேட்டேன்: "இனி அந்தப் பழைய நம்பருக்குக் கூப்பிடுவாவளா?"

"கூப்பிட மாட்டாங்க. மாத்தியாச்சு. ரீகாலும் குளோஸ் ஆச்சு."

அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கணும்னு இருந்துச்சு. அவ பேரே கேட்டு வெக்கல. அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டுப் பாத்தேன், போகவே மாட்டேங்குது.

ரெண்டு வாரம் கழிச்சு எனக்க போனுக்கு ஒண்ணு வந்துச்சு. ஆளு இல்ல, பதிவு பண்ணின குரலு. எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்னு சொல்லிச்சு. நான் ஹலோ ஹலோன்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். அது மறுபடியும் அதையேதான் சொல்லிச்சு. ஒண்ண அமுக்கினேன். நன்றி சொல்லிட்டு அதுவே வெச்சிருச்சு.