அல்பேட் ஹால்சனுக்கு நான் கொடுத்த பூட்டன்

“சர்மிளா, என்னைப் பார்த்தா ஹால்சன் எண்டு ஆரும் சொல்லுவினமோ?”

2006 பெப்ரவரியில், நான் வேலை செய்த செயின்ட்-மிஷேல் பகுதியின் மூலைக்கடையான டெப்பனரில் பால் வாங்க வந்த அல்பேட் அங்கிள் இப்படிக் கேட்டார். அன்று காலை மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கப் போயிருக்கிறார். “மிஸ்யூ ஹால்சன்” என்று பிரெஞ்சில் கூப்பிட்ட பெண், எழுந்து வந்த அவரைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடியிருக்கிறாள். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “எங்கட பூட்டன் அமெரிக்கன். வெள்ளையெல்லாம் வட்டுக்கோட்டை வெயிலில கழண்டு போச்சுது.”

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடங்களாக வேலை. மனைவி இறந்துவிட்டார்; பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்த் திருச்சபையில் கதிரைகளை அடுக்குவார். பெருமையாகச் சொல்ல அவரிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். சாமுவேல் ஹால்சன் என்ற அமெரிக்கர் கிறிஸ்தவ மிசனோடு வந்து யாழ்ப்பாணத்தில் கலியாணம் செய்ததாக அவருடைய தகப்பனார் சொல்லியிருக்கிறார். அதை நிரூபித்துத் தரும்படி என்னைக் கேட்டார்.

கணினியில் தேடினேன். மசச்சூசெட்ஸில் ஹால்சன் குடும்பச் சங்கம் ஒன்று இருந்தது. அமெரிக்கா பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் கப்பலேறி வந்த எலியாஸ் ஹால்சனின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஒவ்வொரு கோடையிலும் ஒன்றுகூடுவார்கள். அவர்களுடைய பட்டியலில் 1820களில் பொஸ்ரனில் வாழ்ந்த சாமுவேல் ஹால்சன் என்ற வணிகரும் இருந்தார். சங்கத்தில் சேர, யாருக்கு யார் பிறந்தார் என்று தலைமுறை தலைமுறையாகப் படிவம் நிரப்ப வேண்டும். அங்கிளுக்குத் தெரிந்தது வட்டுக்கோட்டைச் சாமுவேல் வரைக்கும்தான். நான் இரண்டு சாமுவேலையும் ஒரே ஆளாக்கி, “பொஸ்ரனிலிருந்து யாழ்ப்பாணம் சென்று அங்கே மணம் முடித்தார்” என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். இதையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

மே மாதம் ஒன்றுகூடலுக்கு அழைப்பு வந்தது. அங்கிள் அதைத் திருச்சபையில் எல்லோருக்கும் காட்டினார். சாம்பல் நிறத்தில் கோட் சூட் வாங்கினார். சபையிலிருந்த ஞானேந்திரன் மாஸ்ரர், “வாங்கோ, பொஸ்ரன் துரை. கதிரையை நாங்கள் அடுக்கிறம்” என்று பகிடி பண்ணினார். அங்கிளுக்கு அது பிடித்திருந்தது.

சாமுவேல் எந்தக் கப்பலில் போனார் என்று சங்கச் செயலாளர் கேட்டு எழுதினார். அதைத் தேடி ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பழைய மிசன் அறிக்கை ஒன்றில் யாழ்ப்பாண விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் பட்டியல் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவுகிறவருடைய பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைப்பார்களாம். அதில் ஒரு வரி: சாமுவேல் ஹால்சன், வயது ஒன்பது, முன்பு வேலன், வட்டுக்கோட்டை.

ஹால்சன் என்று அமெரிக்கர் யாரும் வரவில்லை. பெயர் மட்டும்தான் வந்திருந்தது.

ஒன்றுகூடலுக்குப் பத்து நாட்கள் இருந்தன. சொல்வதற்காக இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் அந்தச் சூட் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஒன்றுகூடலுக்குப் போய் வந்த அங்கிள் டெப்பனர் பக்கம் வரவில்லை. நான்தான் போனேன். ஒன்றுகூடலில் எழுந்து நின்று பூட்டனின் கதையைச் சொல்லியிருக்கிறார். பிறகு, சங்கத்தின் பழைய கடிதங்களைப் பாதுகாக்கும் ஒரு பெண் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். சாமுவேல் பொஸ்ரனை விட்டு எங்கும் போனதில்லை என்று சொல்லி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றைப் படிப்பிக்க அவர் எழுதிய கடிதத்தையே காட்டியிருக்கிறார்.

“ஒருத்தரும் சிரிக்கேல்லை, சர்மிளா. இன்னொரு துண்டு கேக் வைச்சுத் தந்தவை. சிரிச்சிருந்தாப் பறவாயில்லை” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கு முதலே தெரியுமோ?” என்று கேட்டார்.

“ஓம், அங்கிள்.”

அவர் ஏசவில்லை. அறிக்கையின் பிரதியைக் கொடுத்தேன். வேலன் என்ற பெயரை விரலால் தொட்டார். “ஒன்பது வயசுப் பொடியன். இவனைக் கண்டும் எனக்கு மறைச்சுப் போட்டாய்.”

சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஆனால் அவர்களுடைய இணையப் பக்கத்தில் அங்கிளின் பெயர் நீக்கப்பட்டதை எங்கள் சபையில் யாரோ கண்டுவிட்டார்கள். அல்பேட் பொய் சொல்லித் தன்னை அமெரிக்கன் வழிவந்தவராகக் காட்டப் பார்த்தார் என்று கதை பரவியது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை கேட்டு எடுத்துக்கொண்டார். மூன்று வருடங்களாகச் சபைக்கு வரவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வரியை எழுதியது நான். உண்மை தெரிந்த பிறகும் அவரை அங்கே போக விட்டதும் நான். இதை வாசிக்கிறவர்கள் அல்பேட் ஹால்சனை அறிந்த எவரிடமும், முக்கியமாக எங்கள் சபையில் இருப்பவர்களிடம், இந்தக் கதையைச் சொல்லுங்கள். செய்தது சர்மிளா என்றே சொல்லுங்கள்.