பதினெட்டாம்படிச் சத்தியம்

என் வீட்டுக்காரர் தல்லாகுளத்தில் சாராயக்கடை வைத்திருந்தார். அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? சர்க்காரே ஏலம் விட்டு, லைசென்ஸ் கொடுத்து, வருஷா வருஷம் புதுப்பித்துத் தந்த கடைதான். பின்கட்டில் நாங்களும் எங்கள் ஒரே மகளும் குடியிருந்தோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் தல்லாகுளம் வந்து சேரும் நாளில் கடையைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் அவர் திறக்கமாட்டார். ஒரு வருஷம் அந்த நாளில், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த வண்டிக்காரர் ஒருவர் எங்கள் பின்கதவைத் தட்டினார். நுகத்தடி உரசி மாட்டின் கழுத்து புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. கழுவக் கொஞ்சம் சாராயம் கேட்டார். இவர் ஒரு புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுப்படியில் நின்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கடைக்காரருக்கு எங்கள் லைசென்ஸ் மேல் வெகுநாளாக ஒரு கண். விடுமுறை நாளில் காசு வாங்கிக்கொண்டு விற்றார், கண்ணால் கண்டேன் என்று கலால் இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். படுபாவி! லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது. வண்டிக்காரர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்புட்டுக் கூட்டத்தில் வந்து போனவரை எங்கே பிடிப்பது? இவர் உசிலம்பட்டிச் சந்தை வரை அவரைத் தேடி அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். எதிர்க்கடைக்காரரை அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலுக்குச் சத்தியத்துக்குக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் களவானாலும் பங்காளிச் சண்டையானாலும் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் தீரும். பொய்ச் சத்தியம் செய்தால் வீட்டில் சாவு விழும் என்று பயம். அந்த ஆள் வரவில்லை. இவர் மட்டும் போய், தான் விற்கவில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். வழக்கு தீர்ந்தது என்று அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். கருப்பனுக்குச் சொன்னது கலெக்டர் ஆபீசில் செல்லாது என்று அந்த மனுஷனுக்கு நிஜமாகவே தெரியாது.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். பெண்டாட்டி சாட்சி எடுபடாது, வேறு சாட்சி இல்லாமல் அப்பீல் நிற்காது, ஆனால் விற்றேன் என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் லைசென்ஸைப் புதுப்பித்துவிடுவார்கள் என்று வழி சொன்னார். எனக்கு உயிர் வந்தது. வாயால் ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையுங்கள் என்று அழுதேன், திட்டினேன், சோறு போடமாட்டேன் என்றுகூடச் சொன்னேன்.

"கருப்பன்கிட்ட இல்லைன்னுட்டு, கலெக்டர்கிட்ட ஆமான்னு சொல்லவா?" என்றார். "ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கோம். அவளுக்கு ஒண்ணுன்னா என்ன செய்வ?"

எழுந்து போய் அவருக்குச் சோற்றைப் போட்டேன். அப்பீல் தள்ளுபடியானது. மறு ஏலத்தில் எதிர்க்கடைக்காரரே கடையை எடுத்தார். நாங்கள் கீழக்குயில்குடியில் என் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒண்டிக்கொண்டோம். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனுஷன் ஊரான் காட்டில் மண் வெட்டினார். பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்று என்னைத் தேற்றுவார்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனோம். திரும்பி வரும்போது அவள் இல்லை.

துட்டி விசாரிக்க வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். பொய்ச் சத்தியம் செய்தான், கருப்பன் கேட்டுவிட்டான் என்றார்கள். எந்தப் பிள்ளைக்காக அந்த மனுஷன் கடையை விட்டாரோ, அந்தப் பிள்ளையின் சாவையே அவருக்கு எதிராகச் சாட்சி வைத்தார்கள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நான்தான் கத்தினேன். அவர் தலை நிமிரவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், நான் முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினார்.

"அன்னைக்கு அந்த வண்டிக்காரன்கிட்ட நான் காசு வாங்கலையில்ல?"

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "வாங்கலைங்க. நாந்தான் பாத்துக்கிட்டே நின்னேனே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றார்.